கழற்றிப் போட்ட சங்கு

பேய் பார்த்தேன், குரல் கேட்டேன் என்று யாராவது பேச ஆரம்பித்தால், எவ்வளவு தூரத்தில், கண்ணாடி போட்டிருந்தீர்களா, கூட வேறு யார் இருந்தார்கள் என்று குடைந்து குடைந்து கேட்டு அந்த ஆளையே எழுந்து போக வைத்துவிடுகிற சுபாவம் எனக்கு. என் மனைவி உயிரோடு இருந்த காலத்தில், "உங்ககிட்ட ஒரு கனவக்கூட நிம்மதியா சொல்ல முடியாது" என்பாள். அப்படிப்பட்ட நான் இப்போது ஒன்றைச் சொல்லப் போகிறேன். நீங்கள் நம்பாவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். உங்கள் இடத்தில் இருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். இரவு நேரமும் இல்லை, ஆளில்லாத இடமும் இல்லை. மழை விட்ட ஒரு மத்தியானத்தில், இரண்டு பேர் பக்கத்தில் நிற்கும்போது நடந்தது இது.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தீயிலோ வெள்ளத்திலோ கெட்டுப்போன இயந்திரங்களைப் பார்த்து, எது தேறும், எது தேறாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பேன். தேயிலை இயந்திரங்கள் செய்கிற பட்டறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் வெளிநாட்டில். கேகாலையில் வீட்டுக்குள் அடைந்து கிடந்து ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, எங்காவது போய் எரிந்த இரும்பை எண்ணலாமே என்றுதான் இந்த வயதிலும் கூப்பிட்டால் போவேன். போவேன் என்ன, போய்க்கொண்டிருந்தேன். இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. ஏன் என்பது இந்தக் கதையிலேயே வரும்.

புளத்கொகுபிட்டியவைத் தாண்டி மேலே போனால் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஃபாக்டரி எரிந்துவிட்டது. கொழுந்தைக் காயவைக்கிற ட்ரையரில் தேயிலைத் தூசு படிந்து, அது பற்றி, கூரைவரை போய்விட்டது. யாரும் சாகவில்லை, ஒருவருக்கும் காயம்கூட இல்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பின்னால் வருவதைக் கேட்டதும் நீங்கள் செத்துப்போன யாரையாவது தேட ஆரம்பித்துவிடக் கூடாது.

எரிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகுதான் என்னை அனுப்பினார்கள். கூட வந்தவர் ரிஸ்னா. மாவனல்லைக்காரர், இன்சூரன்ஸ் கம்பெனியில் நட்டஈட்டுப் பிரிவு அதிகாரி, கெட்டிக்காரி. நாங்கள் வேனை விட்டு இறங்கியபோது கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஃபாக்டரியில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் அதை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். மூத்தவர் எழுந்து வந்தார். ஞானம்மா என்று பெயர். தேயிலை சலிக்கிற அறையில் வெகுகாலம் இருந்தவர்.

"ஐயாதான் இன்சூரன்சுங்களா?"

ஆமாம் என்றேன்.

"மெஷினு தேறுமுங்களா?"

"இன்னும் உள்ளேயே போகவில்லையே அம்மா."

"போயிட்டு வந்து தேறும்னே எழுதுங்க. தேறாதுன்னு எழுதுனா தொரைமாருக்குக் காசு, எங்களுக்குப் பூட்டு."

பின்னாலிருந்து ஒரு பெண், "அக்கா, மொதல்ல ஐயா தேறுவாரான்னு பாருங்க. படி ஏறுனதுக்கே மூச்சு வாங்குது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஞானம்மா சொன்னது சரி. இயந்திரங்கள் மொத்தமாகப் போய்விட்டன என்று நான் எழுதினால் தோட்டக் கம்பெனிக்கு முழுப்பணம் கிடைக்கும். வாங்கிக்கொண்டு ஃபாக்டரியை மூடிவிட்டு, கொழுந்தை லொறியில் வேறு தோட்டத்துக்கு அனுப்பலாம். மூட வேண்டும் என்று அவர்கள் நினைத்துப் பல காலம் ஆயிற்று என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். பழுதுபார்க்கலாம் என்று எழுதினால் பழுதுபார்க்கிற செலவு மட்டும்தான். ஃபாக்டரி மறுபடி ஓடியே ஆக வேண்டும்.

"மத்தவளுங்களாச்சும் மலைக்குப் போயி கொழுந்து எடுப்பாளுங்க" என்றார் ஞானம்மா. "என் முட்டி ஏறாதுங்க. ஸ்டோர் இல்லன்னா எனக்கு வேலை இல்ல. வேலை இல்லாதவளுக்கு லயத்துல காம்பரா எதுக்குன்னு கேப்பாங்க."

தோட்டத்து வரிசை வீடுகளில் குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுக்கிற ஒற்றை அறை, அதைத்தான் லயத்துக் காம்பரா என்பார்கள். தேறும், தேறாது என்று எங்கள் தொழிலில் முன்கூட்டியே சொல்லக் கூடாது.

உள்ளே போனதும் என் வேலையைத் தொடங்கினேன். தீயில் வெந்த வார்ப்பிரும்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடங்கள் எல்லாம் உண்டு, ஆனால் முதல் தீர்ப்பு காதுடையது. சிறிய சுத்தியலால் தட்டுவேன். நல்ல இரும்பு மணிபோல இழுத்து ஒலிக்கும், வெடித்த இரும்பு ஓட்டைப் பானைபோல டப்பென்று அடங்கிவிடும். என் கண் மங்கினாலும் காது மங்கவில்லை என்று பட்டறையில் எனக்கு ஒரு பெயர் இருந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கொழுந்தை உருட்டுகிற ரோலர்கள் எட்டு. ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றித் தட்டினேன். ஆறு ரோலர்கள் மணிபோல ஒலித்தன. இரண்டு செத்திருந்தன. ட்ரையர் போயே போய்விட்டது. சல்லடை இயந்திரங்களில் பாதி தேறும். மோட்டார்களுக்குக் கம்பி சுற்றினால் ஓடும். நான் போல்ட்டுகளை எண்ண ஆரம்பித்ததும் ரிஸ்னாவுக்குப் பொறுமை போயிற்று.

"என்ன சேர், நட்டு போல்ட்டையும் எண்ணுறீங்களா?"

"நான் எண்ணாவிட்டால் பிறகு எவனாவது எண்ணிவிட்டு வந்து என்னைக் கேட்பான்."

"அப்ப ராவைக்கு இஷாத் தொழுகைக்கும் நாங்க இங்கதான்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

வாசல் பக்கத்தில் ஒரு சாக்கின்மேல் ஃபாக்டரியின் சங்கு கிடந்தது. கூரைமேல் இருந்து வேலைக்குக் கூப்பிடுகிற மின்சாரச் சங்கு. அந்தத் தோட்டத்தில் அது ஊதித்தான் உலை வைப்பார்கள், அது ஊதித்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவார்கள். கூரை விழுந்துவிடும் என்று கழற்றிக் கீழே போட்டிருந்தார்கள். மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே கம்பிச் சுருள் கரியாகியிருந்தது, காற்றை வெட்டுகிற அலுமினியத் தகடுகள் உருகி ஒரே கட்டியாகப் பிடித்திருந்தன. கையால் அசைத்தேன், அசையவில்லை. இருந்த எல்லாவற்றிலும் யோசிக்காமல் 'முழு நட்டம்' என்று எழுதியது அதைத்தான். ரிஸ்னா படமும் எடுத்தார். கட்டடத்துக்கு மின்சாரம் வருகிற கம்பியே வெட்டப்பட்டிருந்தது. அதையும் நான் பார்த்தேன். பார்க்காமல் விட்ட ஏதாவது இருக்குமா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன், இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மழை கொட்டியது. விட்டதும் கடைசி ரோலரை மறுபடி ஒரு தடவை பார்ப்பதற்காக உள்ளே வந்தோம். மேனேஜரும் குடையோடு வந்தார். சிங்கள இளைஞர், எங்களோடு தமிழும் ஆங்கிலமுமாகப் பேசுவார், மரியாதையானவர்தான். "அங்கிள், இதெல்லாம் இனி பழைய இரும்புக்குத்தான், என்ன?" என்றார். இல்லை, ஆறு ரோலர் உயிரோடு இருக்கிறது என்றேன். அவர் முகம் மாறியது. ஏதோ விளக்கிச் சொல்ல ஆரம்பித்தார்.

அப்போது சங்கு ஊதியது.

அடிவயிற்றிலிருந்து கிளம்புவதுபோல மெதுவாகத் தொடங்கி, ஏறி, ஏறி, உச்சியில் நின்றது. சத்தம் என்றால் சாதாரணச் சத்தம் இல்லை. நான் கை வைத்திருந்த ரோலர் அதிர்ந்தது, கையை எடுத்துவிட்டேன். மேனேஜரின் வாய் அசைந்துகொண்டே இருக்கிறது, ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு சத்தம். அவர் ஏன் நிறுத்தாமல் பேசுகிறார், ரிஸ்னா ஏன் ஃபோனில் இருந்து தலையைத் தூக்காமல் நிற்கிறார் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. பழக்கதோஷம், கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று மணி தாண்டியிருந்தது. பிறகு ஓசை இறங்கி, தேய்ந்து, நின்றது. "...அதுதான் அங்கிள், பிராக்டிகலா யோசிங்க" என்கிற மேனேஜரின் வார்த்தை பாதியிலிருந்து கேட்டது.

வாசலைப் பார்த்தேன். சாக்கின்மேல் சங்கு நான் வைத்தபடியே கிடந்தது. மூடி ஒரு பக்கம், அது ஒரு பக்கம். கூரை ஓட்டையிலிருந்து மழைத்தண்ணீர் அதன்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். லயத்திலிருந்து இறங்குகிற பாதை முழுக்க, குடை இல்லாமல், நனைந்த புல்லில் விறுவிறுவென்று வந்தார்கள். காலையில் மடுவத்தில் இருந்தவர்கள் மட்டும் இல்லை, ஸ்டோர் ஆட்கள் எல்லாரும். எண்ணினேன், நாற்பதைத் தாண்டியது. ஒருத்தியின் தலையில் சவர்க்கார நுரை அப்படியே இருந்தது. கூச்சல் இல்லை, கோஷம் இல்லை. வாசலில் வந்து, வேலைக்கு நிற்பதுபோல வரிசையாக நின்றார்கள்.

மேனேஜருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. யார் உங்களை வரச் சொன்னது, யூனியன் வேலையா இது என்று சிங்களத்தில் கத்தினார். ரிஸ்னாவிடம் திரும்பி, "மிஸ், நல்லாப் பாருங்க. மதிப்பீட்டாளரை மிரட்ட வந்திருக்கிறார்கள். எல்லார் பெயரும் எடுக்கப் போகிறேன், விசாரணை வைப்பேன்" என்றார். ஞானம்மா தலைகுனிந்து நின்றார். காலையில் அவ்வளவு பேசிய மனுஷி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"அவர்களைத் திட்டாதீர்கள்" என்றேன். "சங்கு ஊதியது. வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வந்திருக்கிறார்கள். நானும் கேட்டேன்."

"என்ன சங்கு?"

சாக்கைக் காட்டுவதற்காகக் கையைத் தூக்கினேன். பாதியில் கை நின்றுவிட்டது.

ஞானம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மேனேஜரிடம் திரும்பி, "ஆமாங்க தொரை. சங்கு ஊதுச்சுங்க" என்றார். பின்னால் நின்ற பெண்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

ரிஸ்னா என் காதருகே வந்து, "சேர், எனக்கு ஒண்டும் கேக்கல்லயே" என்றார்.

மேனேஜரின் கோபம் எங்கே போயிற்றோ, சிரித்தார். "சரி, சரி, எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று தன்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். பெயரும் எடுக்கவில்லை. நல்லது செய்துவிட்டோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. வேனில் வரும்போது ரிஸ்னா, "சேர், அந்தச் சங்கு கதைய ரிப்போர்ட்டுல போட வாணாம்" என்றார்.

"நான் கேட்டேன் அம்மா."

"கேட்டீங்க, சரி. போட வாணாம்."

நான் போடவில்லை. ஆறு ரோலரும் நல்லவை, ஃபாக்டரியைப் பழுதுபார்த்து ஓட்டலாம் என்றுதான் எழுதினேன். போட்டது மேனேஜர். தோட்டக் கம்பெனி எழுதிய ஆட்சேபத்தில் என்ன இருந்தது தெரியுமா? இந்த மதிப்பீட்டாளர் காதால் கேட்டுத்தான் இரும்பு நல்லதா கெட்டதா என்று தீர்மானித்திருக்கிறார், அதே காதுதான் அன்றைக்கு உருகிப்போன சங்கு ஊதியதையும் கேட்டது, சாட்சிகள் முன்னால் அவரே சொன்னார், இந்தக் காதை எப்படி நம்புவது? அவ்வளவுதான். நான் தட்டித் தட்டிக் கேட்டதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று.

ரிஸ்னா ஃபோனில் அழாத குறை. "என்னட்டக் கேட்டாங்க சேர், சங்கு ஊதினதா எண்டு. நான் எப்பிடிப் பொய் சொல்ல ஏலும்?" பொய் சொல்ல வேண்டாம் அம்மா என்றேன். வேறு என்ன சொல்ல? இரண்டாவது மதிப்பீட்டாளர் ஒருவர் போனார். அவர் சுத்தியலே எடுத்துப் போகவில்லை என்று கேள்வி. எல்லாமே முழு நட்டம் என்று எழுதினார். பணம் வந்தது, ஃபாக்டரி பூட்டப்பட்டது. என் ஆறு ரோலர்களையும் காஸ் வைத்து வெட்டி இரும்புக் கடை லொறியில் ஏற்றினார்களாம். நல்ல வார்ப்பு, வெட்டச் சிரமப்பட்டிருப்பார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. காது டாக்டரிடம் போனேன். வயதுக்கு உரிய குறை உண்டு, இல்லாததைக் கேட்கிற வியாதி எதுவும் இல்லை என்றார். மலைக்கு அந்தப் பக்கத்து ஃபாக்டரிக்கே போய் விசாரித்தேன், அங்கே சங்கே கிடையாது. ஆம்புலன்ஸ், பொலிஸ், தண்ணீர் பௌசர் லொறி என்று எல்லாவற்றையும் யோசித்தேன், எதுவும் பொருந்தவில்லை. எனக்கு இருந்த ஒரே பிடி அந்த நாற்பது பெண்கள். அவர்களும் கேட்டார்கள். நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் புத்தி பிசகாது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் பல மாதம் தூங்கினேன்.

பிறகு ஒரு நாள் கேகாலை பஸ் நிலையத்தில், "ஐயா!" என்று யாரோ கூப்பிட்டார்கள். ஞானம்மா. இளைத்திருந்தார். டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாராம், அன்றாடம் பஸ்ஸில் வந்து போகிறாராம். காம்பராவைக் காலி செய்யச் சொல்லித் தோட்டத்திலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள், எத்தனை நாளைக்கு இருக்க விடுவார்களோ தெரியாது என்றார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் எனக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார்.

"எங்களால உங்க பேரு கெட்டுப் போச்சுங்களே ஐயா."

"என்னால்தான் உங்கள் வேலை போயிற்று."

"அப்படிச் சொல்லாதீங்க. எங்களுக்காக நீங்க பொய் சொன்னத நாங்க மறக்க மாட்டோம்."

"பொய்யா? என்ன பொய்?"

"சங்கு ஊதுச்சுன்னு சொன்னீங்களே."

பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டேன். "ஊதியதே அம்மா. நீங்களும்தானே கேட்டதாகச் சொன்னீர்கள்?"

"தொரை பேரெழுதறேன்னு நிக்கறாரு. நீங்க ஒரு வழி காட்டுனீங்க, நாங்க புடிச்சிக்கிட்டோம். சங்கெல்லாம் கேக்கலீங்க ஐயா."

"மற்றவர்களுக்கு?"

"ஒருத்திக்கும் இல்லீங்க. நாங்க பேசிக்கிட்டோமே."

 கெஞ்சிக் கேட்பதற்காகத் திட்டம் போட்டு வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். "அப்படியானால் எதற்காக எல்லாரும் வந்தீர்கள்? யார் கூப்பிட்டது?" என்று கேட்டேன்.

 அவர் தேநீர்க் கோப்பையின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதத்தான் நாங்களும் ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிட்டோம். எனக்கு அடுப்புல பருப்பு வெந்துக்கிட்டிருந்துச்சு. பொசுக்குனு எந்திரிச்சேன், முந்தானைய சொருகுனேன், எறங்கிட்டேன். நெருப்பக்கூட இழுத்து வைக்கல. பாதி வழியில பாத்தா எல்லாரும் வர்றாளுங்க. எவளும் எவளையும் எங்க போறன்னு கேக்கல. வாசல்ல வந்து நின்னப்புறந்தான் நாம எதுக்கு இங்க வந்தோம்னு முழிக்கறோம். தொரை கத்தறாரு, என்ன பதில் சொல்றது? வாயே வரல."

பிறகு, "நெசமாவே உங்களுக்குக் கேட்டுச்சுங்களா ஐயா?" என்றார்.

கேட்டது என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. என்னைப் பார்த்து அதற்கு முன் யாரும் பயந்ததில்லை. "அப்போ உங்க காதுல விழுந்த சங்குக்கு நாங்க வந்திருக்கோம்" என்றார். பஸ் வந்துவிட்டது. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார், திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அடுத்த நாளே என் சுத்தியலைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் ஃபாக்டரி ஓடிக்கொண்டிருக்கும், ஞானம்மா சலிக்கிற அறையில் இருப்பார். இதை நினைக்காத நாள் இல்லை. அதற்குமேல் இன்னொன்று. இப்போதெல்லாம் மத்தியானத்தில், தூரத்தில் ஏதாவது சத்தம் எழுகிறமாதிரி இருந்தால் காதைப் பொத்திக்கொள்கிறேன். நான் கேட்டுவிட்டால், எங்கோ ஒரு லயத்தில் யாரோ அடுப்பை அப்படியே எரியவிட்டு எழுந்து கிளம்பிவிடுவார்களோ என்று.